கை நனையாத விருந்து

அன்று ஞாயிற்றுக்கிழமை. வாழையிலைச் சாப்பாட்டுக் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டிருந்த மத்தியான நேரத்தில், என் வீட்டுக்காரர் சமையல்கட்டுக்குள் ஓடிப்போய்க் கேஸ் சிலிண்டர்களை ஒவ்வொன்றாகத் திருகி அடைத்தார். எண்ணெய்ச் சட்டியில் போட்ட அப்பளம் பாதி பொரிந்தும் பாதி பொரியாமலும் நின்றுபோனது. "யாரும் அடுப்பைத் தொடாதீங்க, கேஸ் லீக்காகுது" என்றார். சமையல்காரர்கள் பின்வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்கள். நான் கல்லாவிலிருந்து எழுந்துபோய் மூக்கால் தேடினேன். நாற்றம் உண்மைதான், ஆனால் கேஸ் இல்லை. குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில், ஈரத்துணி போர்த்திய பெரிய கண்ணாடி ஜாடி ஒன்று மூடியை மெல்லத் தூக்கித் தூக்கி உஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. உள்ளே மிளகாயும் பூண்டும் தடவிய சீனக் கோஸ் நன்றாகப் புளித்துப் பொங்கியிருந்தது. அதுதான் கிம்சி.

"இதைத் திங்கவா ஜனங்க முன்கூட்டியே புக் பண்ணி வர்றாங்க?" என்றார். "நம்ம கருவாட்டுக் குழம்பு மணம் எப்படியிருக்குன்னு பக்கத்துக் கடை சீனரைக் கேட்டுட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்" என்றேன். அவர் சிலிண்டர்களைத் திறக்கப் போனார். ஜாடி யாருடையது என்று அவர் கேட்கவில்லை. தெரிந்ததைக் கேட்டு வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

ஜாடி என் நாத்தனாருடையது. என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. அவள் புருஷன் கொரியாக்காரர். பக்கத்து ஊரான நீலாயில் ஒரு தொழிற்சாலைக்கு என்ஜினியராக வந்தவர், அங்கே அலுவலகத்தில் வேலையில் இருந்த இவளைப் பார்த்து, பேசி, கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். பிறகு வேலையை விட்டுவிட்டுக் கரண்டியைப் பிடித்தார். புருஷனும் பெண்டாட்டியுமாக இப்போது விருந்து நடத்துகிறார்கள். சொந்தக் கடை கிடையாது. யாருடைய கடையையாவது ஒரு சாயங்காலத்துக்கு வாங்கிக்கொண்டு, முன்பே பதிந்துகொண்டவர்களுக்கு மட்டும் சமைத்துப் போட்டுவிட்டு, துடைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பாப்-அப் டின்னர் என்று பெயர். புதுமாதிரிக் கொரியச் சாப்பாடு என்பார்கள். சியோல் நகரத்தில் ஒரு வீட்டில் என்ன சமைப்பார்களோ அது அப்படியே இருக்காது. நம்மூர் முருங்கைக்கீரையும் நெத்திலியும் கத்திரிக்காயும் கொரியாக்காரர் கைக்குள் போனால் என்னவாக வெளியே வருமோ, அது இருக்கும்.

கடைகள் எத்தனையோ இருக்க, எங்கள் கடையில் மட்டும் அவர்கள் அதுவரை விருந்து நடத்தியதே இல்லை. அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர் விட்ட ஒரு வார்த்தை.

மந்தின் ஊர்ப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவர்கள் அண்ணனும் தங்கையும். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா பால் வெட்டப் போவார். அண்ணன்காரன்தான் தங்கச்சிக்குத் தலைவாரி, சோறு ஊட்டி, பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அதே பஸ்ஸில் தானும் ஏறுவார். பிற்பாடு அவர் பஸ்ஸில் ஏறுவதை நிறுத்திவிட்டுச் சிரம்பானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணி கலக்கும் வேலைக்குப் போனார். அவள் மட்டும் படித்தாள். அந்தக் கதையை அவர் யாரிடமும் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அவள் கல்யாணத்தைப் பற்றி நிறையப் பேசுவார். எந்தக் கோயில் மண்டபம், எந்த நாதஸ்வரம், எத்தனை வகைப் பாயசம் என்பதெல்லாம் அவர் மனசுக்குள் எப்போதோ முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை மட்டும்தான் பாக்கி.

அந்த மாப்பிள்ளையை அவளே பார்த்துக்கொண்டாள். பார்த்தது கூடப் பரவாயில்லை. பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டு, அதன்பிறகு கடைக்குப் போன் பண்ணினாள். மத்தியானக் கூட்டம். இவர் ஒரு கையில் போனும் ஒரு கையில் ரசக் கரண்டியுமாக நின்று கேட்டார். போனைக் கல்லா மேல் வைத்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் முன்னாலேயே சொன்னார்: "தண்ணி ஊத்தித் தாரை வார்க்க வேண்டியவன் நான். அதுக்கு என் கைய நனைக்க விடல இல்ல? இனிமே அவ வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

ஒருவர் வீட்டில் சாப்பிடமாட்டேன் என்பதற்கு நம் பேச்சில் இதைவிடக் கெட்டியான வார்த்தை கிடையாது. என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் இரண்டு நாளில் கரைத்திருப்பேன். ஊர் ஜனம் இலையில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்ததுதான் வினையாகிவிட்டது. வாடிக்கைக்காரர்கள் மாறினாலும் வார்த்தை மாறக்கூடாது என்று அவருக்கு ஒரு வீம்பு.

ஏழெட்டு வருஷம் அப்படியே போனது. சண்டை என்று ஒன்றும் இல்லை. நாத்தனார் சிரம்பானுக்கு வந்தால் கடைக்கு வருவாள், என்னோடு பேசுவாள், போவாள். அண்ணனும் தங்கையும் என் வழியாகத்தான் பேசிக்கொள்வார்கள். "அவகிட்ட சொல்லு, மழை வருது, சீக்கிரம் கெளம்பச் சொல்லு" என்பார். அவள் மூன்றடி தூரத்தில்தான் நிற்பாள். குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தார், தூக்கினார், சங்கிலி போட்டார். வீட்டுக்கு மட்டும் போகவில்லை. குழந்தை பேச ஆரம்பித்ததும் கொரியாக்காரரைப் பார்த்து அப்பா என்றது, இவளைப் பார்த்து அம்மா என்றது. கொரிய மொழியிலும் கிட்டத்தட்ட அதே சொல்தானாம். "அது எப்படி லா? நம்ம வார்த்தைய எடுத்துக்கிட்டானுங்க" என்று ஒரு நாள் பூராவும் முணுமுணுத்தார்.

அவள் ஏதாவது சமைத்து டப்பாவில் கொண்டுவருவாள். அவர் தொடமாட்டார். நான்தான் சாப்பிடுவேன். ஆனால் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது காலியாகக் கொடுக்க விடமாட்டார். காலி டப்பா தங்கை வீட்டுக்குப் போகக்கூடாதாம். தானே உள்ளே போய் ஆட்டுப் பெரட்டலை அள்ளி வைத்து மூடி, துணியால் விளிம்பைத் துடைத்து, "உன் பேர சொல்லிக் குடு" என்பார். அவளும் "அண்ணி, உங்க பெரட்டல் நல்லாருந்துச்சு" என்று அவர் காதில் விழும்படி சொல்வாள். நான் அவர் பெரட்டலுக்கு வாங்கிய பாராட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு கடை வைக்கலாம்.

சிரிப்பாகச் சொன்னாலும் எனக்கு அது வருத்தமாகவே இருந்தது. அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிக்கொண்டிருந்தது. சர்க்கரையும் வந்துவிட்டது. வீம்புக்கு மருந்து கிடையாது. இவர் ஒரு வாய் அவள் கையால் சாப்பிட்டுவிட்டால் போதும் என்று நான் வேண்டாத கோயில் இல்லை.

சாமி கடைசியில் ஒரு தண்ணீர்க் குழாய் வடிவத்தில் வந்தது. அவர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்துக்காகப் பேசி வைத்திருந்த சிரம்பான் கடையில் குழாய் வெடித்துக் கூரைப்பலகை இறங்கிவிட்டது. ஆட்களெல்லாம் பதிந்தாயிற்று. நாத்தனார் எனக்குப் போன் பண்ணி, "அண்ணி, ரஹாங்ல ஒங்களுக்குத் தெரிஞ்ச ஹால் ஏதாவது இருக்கா?" என்றாள். எங்கள் கடை சிரம்பானில் அந்த ரஹாங் பகுதியில்தான் இருக்கிறது. அதை அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு நான், "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நம்ம கடையில ஈதான் ஓட்டுறோம். வாங்க" என்றேன்.

அவரிடம் சொன்னபோது தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். மாடும் பன்றியும் சமையல்கட்டுக்குள் வரக்கூடாது என்றார். அதெல்லாம் அவர்களுக்கே தெரியும் என்றேன். சாமி படத்துக்கு விளக்கு வைத்த பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும் என்றார். சரி என்றேன். "நான் கல்லாவுலதான் இருப்பேன். என் கடைய விட்டுட்டு எங்கேயும் போக மாட்டேன். சாப்பிடவும் மாட்டேன்" என்றார். நான் எதுவும் கேட்காமல் அவராகச் சொன்னது அது.

கேஸ் கலாட்டா முடிந்து மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு கொரிய மாப்பிள்ளை பின்வாசல் வழியாக வந்தார். கையில் ஒரு கூடை நிறையக் கடுக் இலை. வெற்றிலை போலவே இருக்கும், எஸ்டேட் லயத்து வீடுகளின் சாக்கடை ஓரமெல்லாம் தானாக மண்டிக் கிடக்கும். புருஷனும் பெண்டாட்டியும் காலையில் மந்தின் போய்ப் பறித்து வந்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரரைப் பார்த்ததும் இடுப்பு வரை குனிந்து, "அண்ணா, வணக்கம்" என்றார். இவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு என்னிடம் வந்து குசுகுசுத்தார். "வர்றப்பல்லாம் என்னை அண்ணாங்கிறான். நான் அவனுக்கு அண்ணன்னா, என் தங்கச்சி அவனுக்கு என்ன முறை? ஒரு விவஸ்தை வேணாமா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு நான் சமையல்கட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை இலைகளை ஒவ்வொன்றாகக் கழுவி நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். "தம்பி, அவரை அண்ணான்னு கூப்பிடாதீங்க. பொண்டாட்டியோட அண்ணன் நமக்கு மச்சான். மச்சான்னு கூப்பிடுங்க" என்றேன். அவர் பயந்துபோனார். "அக்கா, நோ, நோ. ஃபேக்டரி பசங்க எல்லாம் மச்சா, மச்சான்னு கூப்பிட்டுக்குவாங்க. பெரியவங்களை அப்படிச் சொன்னா மரியாதை இல்ல." கொரியாவில் மனைவியின் அண்ணனை அண்ணன் என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்களாம். இத்தனை வருஷமும் மனிதர் மரியாதை கொடுப்பதாக நினைத்துக்கொண்டு முறையை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். "கூட்டாளிங்க அந்த வார்த்தைய எரவல் வாங்கிட்டாங்க. அதுக்குச் சொந்தக்காரர் நீங்கதான்" என்றேன். அவர் இலையைக் கையில் வைத்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார்.

சாயங்காலம் விளக்கு வைத்தாயிற்று. நீலாய்ப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள், படிப்பிப்பவர்கள், கொரிய நாடகம் பார்த்துப் பார்த்து அந்தச் சாப்பாட்டின் பெயரெல்லாம் மனப்பாடமான சில அக்காமார், ரஹாங்கிலேயே இருக்கும் ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து ஆசிரியரும் அவர் மனைவியும் என்று மேசைகள் நிறைந்தன. எங்கள் கடை நீல மேசைகளுக்கு வெள்ளைத்துணி விரித்து, மேலே சதுரமாக நறுக்கிய வாழையிலை, பக்கத்தில் இரண்டு குச்சி, ஒரு நீளக் கரண்டி. என் வீட்டுக்காரர் கல்லாவில் உட்கார்ந்து இதையெல்லாம் கண்கொட்டாமல் பார்த்தார். கை கழுவும் தொட்டிப் பக்கம் ஒருவரும் போகவில்லை என்பதை அவர் கவனித்துவிட்டார். "குச்சியால திங்கறதுக்கு நம்ம கடையில வந்து உக்காந்திருக்காங்க" என்றார்.

முதலில் முருங்கைக்கீரை போட்ட மெல்லிய அடை வந்தது. இவர்கள் அதை ஜொன் என்கிறார்கள். கூடவே கிம்சி கொஞ்சம், இனிப்பும் காரமுமாக வறுத்த நெத்திலி கொஞ்சம். ஆசிரியர் மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு, "இஞ்சருங்கோ, நெத்திலிச் சம்பலும் சக்கரையும் சேந்த மாதிரியெல்லோ இருக்குது" என்று கணவரிடம் சொன்னார். எல்லாரும் ருசித்துச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்தவர்கள், கை பழகிய பழக்கத்தில், இலையைத் தங்கள் பக்கமாக மடித்துவிட்டார்கள்.

அங்கேதான் வந்தது வினை. அன்றைய ஏற்பாட்டில் கடைசி வரைக்கும் ஒரே இலைதான். ஒன்றன்மேல் ஒன்றாக வருகிற பதார்த்தம் எல்லாம் முந்தியதன் சாற்றில் கொஞ்சம் கலந்து ருசி ஏற வேண்டும் என்பது மாப்பிள்ளையின் யோசனை. அது சமையல்கட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் கடையில் பரிமாறும் கேப்டனுக்கு மடித்த இலை என்றால் திருப்தி, எழுந்திரிக்கப் போகிறார்கள், அவ்வளவுதான். அவர் இத்தனை காலப் பரிமாறலில் ஒரு மடித்த இலையைக்கூட மேசையில் விட்டுவைத்தவர் இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வந்தார். மாப்பிள்ளை கத்திரிக்காய்த் தட்டுகளோடு வெளியே வந்தபோது ஒரு மேசையிலும் இலை இல்லை. விருந்தாளிகள் வெறும் துணியைப் பார்த்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள்.

நாத்தனார் சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது. கத்தவில்லை, கேப்டனைத் திட்டவில்லை. அவர் பாவம், நன்றாக வேலை செய்த பெருமையில் வாளியோடு நின்றார். அப்போது கல்லாவில் நாற்காலி தள்ளும் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் எழுந்து, யாரையும் பார்க்காமல், உள்ளே போய் நாளைக்கென்று வைத்திருந்த இலைக்கட்டைப் பிரித்து, கத்தியை எடுத்து வெட்ட ஆரம்பித்தார். அவர் வெட்ட, நாத்தனார் துடைத்து அடுக்கினாள். எஸ்டேட் திருவிழாவில் எத்தனை முறை அப்படி வெட்டியும் துடைத்தும் இருப்பார்களோ, கை தானாகப் போனது. வெட்டி முடித்ததும் என்னைக் கூப்பிட்டு, "கேப்டன்கிட்ட சொல்லு, மடிச்சாலும் எடுக்க வேணாம். மடிச்ச எலைய விரிச்சு விடச் சொல்லு" என்றார். பிறகு கல்லாவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதன்பிறகு விருந்து சுமுகமாகப் போனது. புளித்த சோயாவில் வெந்த கத்திரிக்காய், மீன் போட்ட கஞ்சி. கேப்டனுக்கு அந்தச் சின்ன அளவுதான் பொறுக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்று கிம்சியைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போய்விட்டார். நான் தலையில் கை வைத்தேன். மாப்பிள்ளை மட்டும் சந்தோஷப்பட்டார். கொரியாவிலும் தொட்டுக்கொள்ளும் பதார்த்தம் தீரத் தீர வைத்துக்கொண்டே இருப்பார்களாம். "அக்கா, சேம், சேம்" என்றார்.

கடைசிக்கு முந்தி அந்தக் கடுக் இலை வந்தது. மாப்பிள்ளை நடுவில் வந்து நின்று தமிழில் சொன்னார்: "எல்லாரும் கை கழுவுங்க. இது கையால." ஜனங்களுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். அத்தனை பேரும் குச்சியைப் போட்டுவிட்டு எழுந்து தொட்டிக்குப் போய் வரிசையில் நின்றார்கள். ஒரே சிரிப்பும் பேச்சும். இலையை உள்ளங்கையில் விரித்து, ஒரு பிடி சோறு, சுட்ட கோழி, கொஞ்சம் நெத்திலி, மேலே கிம்சி வைத்து, பீடா மாதிரி மூடி, கடிக்காமல் முழுசாக வாயில் போட வேண்டும். அந்த ஊரில் இதைத் தானே செய்து தின்பதைவிட, செய்து அடுத்தவர் வாயில் வைப்பதுதான் அன்பாம். அதைச் சொன்னதும் மேசைகளில் ஆளுக்காள் ஊட்டத் தொடங்கிவிட்டார்கள். யாழ்ப்பாணத்து ஆசிரியர் மனைவிக்கு ஊட்டிவிட்டு வெட்கப்பட்டார்.

மாப்பிள்ளையும் ஒன்று செய்தார். செய்து, வலது கையில் ஏந்தி, கீழே இடது கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டு கல்லாவை நோக்கி நடந்தார். என் வீட்டுக்காரர் அப்போது ரசீது மெஷினைத் திறந்து வைத்துப் புதுக் காகிதச் சுருளை மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு கையில் சுருள், ஒரு கையில் மூடி. நிமிர்ந்து பார்த்தால் எதிரே மாப்பிள்ளை.

"மச்சான்" என்றார் அவர்.

கேப்டன் சிரித்துவிட்டார். பையன்கள் பேச்சு என்று நினைத்திருப்பார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அந்த மனிதர் வாயில் முதன்முதலாக முறை சரியாக வந்திருக்கிறது என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை கவளத்தை அவர் வாய்க்கு நேரே தூக்கி, ரொம்பப் பணிவாகச் சொன்னார்: "ஆ காட்டு."

ஐம்பது வயசு முதலாளியைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்வதில்லை. குழந்தையிடம்தான் சொல்வோம். மாப்பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஊட்டுவதற்கான தமிழ் அவருக்கு அவ்வளவுதான் தெரியும். பெண்டாட்டி தன் மகளுக்குச் சோறு ஊட்டும்போது கேட்டுக் கற்றுக்கொண்டது. அவளுக்கு அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அம்மா இருட்டோடு பால் வெட்டப் போய்விட்ட பிறகு, லயத்து வீட்டில் அவளுக்குச் சோறு ஊட்டியவர் ஒருத்தர்தான்.

என் வீட்டுக்காரர் சுருளைக் கீழே வைக்கவில்லை. மூடியையும் வைக்கவில்லை. வாயைத் திறந்தார்.

அந்தக் கவளத்தில் ஒரு சௌகரியம் உண்டு. வாய் நிறைய இருக்கும்போது யாராலும் வசனம் பேச முடியாது. அவர் மென்றார். மென்றுகொண்டே இருந்தார். கண் கலங்கியதற்குக் கிம்சிக் காரம்தான் காரணம் என்று இன்றுவரைக்கும் சாதிக்கிறார். மாப்பிள்ளை குவித்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார். நாத்தனார் சமையல்கட்டு வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விழுங்கிய பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "அவகிட்ட சொல்லு, உப்பு பத்தல" என்றார்.

"நெத்திலி அடியில இருக்கு, அண்ணி. நல்லா மென்னு திங்கச் சொல்லுங்க" என்றாள் அவள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

ஜனங்கள் கலைந்த பிறகு அவர் என்னிடம் வழக்கு பேச வந்தார். "பாரு, நான் பேச்சு மாறல. கையும் நனையல, இது அவ வீடும் இல்ல" என்றார். நான் சரிதான் என்றேன். ஜெயித்த வழக்கில் வாதாட என்ன இருக்கிறது. அவர் ஏப்பம் விட்டார், விளக்கைத் தூண்டினார், மேசைகளுக்கு இடையில் ஒரு நடை நடந்தார். சமையல்கட்டில் நாத்தனார் குண்டான் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் போட்டுவிட்டு அவள் ஒரு பருக்கையும் வாயில் வைக்கவில்லை என்பதைச் சாப்பாட்டுக் கடைக்காரனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் போய் நின்றார்.

"சாப்டியா?" என்றார்.

என்னிடம் சொல்லச் சொல்லவில்லை. நேராக அவளிடமே கேட்டார். அவள் கையிலிருந்த குண்டானைக் கீழே வைத்தாள்.

"இல்லண்ணே."

அவர் மத்தியானச் சோற்றை நசுக்கிப் பார்த்து, ரசத்தைச் சுட வைத்து, மீந்த இலையில் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அவள் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனால் சாப்பிடவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கல்யாணத்துக்கு முன்ன ஒன்கிட்ட கேட்டிருந்தா நீ வேணாம்னு சொல்லியிருப்பே. நீ வேணாம்னா நான் ஒன் பேச்சக் கேட்டு விட்டிருப்பேன். அதாண்ணே ஒன்கிட்ட கேக்கல."

அவர், "தெரியும். ரசம் ஆறுது, தின்னு" என்றார். அவள் சாப்பிட்டாள். அவர் எதிரே உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கி நொறுக்கி அவள் இலையில் போட்டுக்கொண்டிருந்தார்.

அதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் கடையில் இப்போது ஈ ஓட்டுவதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு கொரிய விருந்து, முன்னாலேயே சொல்லாமல் வந்தால் இடம் கிடையாது. கேப்டன் மடித்த இலையை விரித்துவிடப் பழகிவிட்டார். விருந்து நடத்தவும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் தோதாக இருக்கும் என்று, நீலாய் வீட்டை விட்டுவிட்டு எங்கள் கடைக்கு மேலே இருந்த மாடிக்கே அவர்கள் குடிவந்துவிட்டார்கள். மாடி காலியாகத்தான் கிடந்தது. அரிசி மூட்டையும் உடைந்த நாற்காலியும் குடியிருந்தன. என் வீட்டுக்காரரே வெள்ளையடித்துக் கொடுத்தார்.

தினமும் கடை சாத்துமுன் அவர் மாடிக்கு ஏறுகிறார். தங்கை மகளோடு கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு அங்கேயே சாப்பிடுகிறார். குச்சியெல்லாம் இல்லை, நன்றாகக் கையாலேயே பிசைந்துதான். நான் அந்தப் பழைய வார்த்தையை ஒரு நாளும் நினைவுபடுத்தவில்லை. மறந்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன்.

போன மாதம் நான் மேலே போயிருந்தபோது நாத்தனார் அவர் முன்னால் ஓர் உறையை நீட்டினாள். வந்ததிலிருந்து அவர் வாடகை வாங்கியதில்லை. கேட்டால், அப்புறம் பார்ப்போம் என்பார். அன்றைக்கு அவள் விடுவதாக இல்லை. "எத்தனை நாளைக்கு ஓசியில இருக்கறது? எனக்கும் ரோஷம் இருக்குண்ணே. வாங்கிக்க" என்றாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சட்டைப்பையில் அவள் செருகியதை எடுத்து மேசையில் போட்டார்.

"வாடகை குடுத்தா இது ஒன் வீடாயிடும் லா. அப்புறம் நான் எங்க போய்ச் சாப்பிடுறது?" என்றார்.

நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் உறையை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, அவருக்குத் தட்டை எடுத்து வைத்தாள்.

"சரி, கைய கழுவிட்டு வாண்ணே" என்றாள்.